தெரிந்த பாடத்தைத் திரும்பப் படிப்பது எப்படி?
கடையிலும் கிடங்கிலும் பாதுகாப்புப் பயிற்சி பயன்பட வேண்டுமானால்...

தளவானூரிலிருந்து ஒரு மொத்த வணிகர்



ஆண்டுதோறும் மார்ச் 4ஆம் தேதியைத் தேசியப் பாதுகாப்பு நாளாகக் கடைப்பிடிக்கிறோம். 1966ஆம் ஆண்டு அந்தத் தேதியில்தான் தேசியப் பாதுகாப்பு மன்றம் தொடங்கப்பட்டது. அடுத்த மாதமே, ஏப்ரல் 14 முதல் 20 வரை, தீத்தொண்டு வாரம் வருகிறது. இந்த நாட்களில் நமது ஊர்களில் நடப்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். சட்டையில் சிறு அட்டை குத்துகிறோம். பதாகை கட்டுகிறோம். ஒருவர் வந்து முக்கால் மணி நேரம் பேசுகிறார். பின்வரிசையில் இருப்பவர்கள் கொட்டாவி விடுகிறார்கள். தேநீரும் பிஸ்கட்டும் கொடுத்துக் கூட்டம் கலைகிறது.

பேச வருகிறவர்களைக் குறை சொல்வது என் நோக்கமன்று. அவர்கள் சொல்வது அத்தனையும் உண்மை. நமக்காக நேரம் ஒதுக்கி வருகிறார்கள். ஆனால் பத்து நாள் கழித்து நமது கடைப் பையனைக் கூப்பிட்டு, "தீப்பிடித்தால் முதலில் என்னப்பா செய்வாய்?" என்று கேட்டால் தலையைச் சொறிகிறான். அப்படியானால் செலவழித்த பணமும் நேரமும் எங்கே போயின?

சரக்கைக் காப்பதில் நம் பகுதி வணிகர்கள் எந்தக் காலத்திலும் குறை வைத்ததில்லை. சரக்குக்கு எவ்வளவு மெனக்கெட்டிருக்கிறார்கள் என்பதற்குச் செஞ்சிக் கோட்டைக்குள் நிற்கும் தானியக் களஞ்சியமே சாட்சி. இன்றும் எலிக்கு, ஈரத்துக்கு, வண்டுக்கு, திருட்டுக்கு என்று நாம் பார்த்துப் பார்த்துச் செய்கிறோம். அந்தச் சரக்கைத் தலையில் தூக்கி வைக்கிற ஆளைக் காப்பதற்கும் அதே கவனம் வேண்டும். அதற்கு, ஆண்டுக்கொருமுறை நடத்தும் புத்தொளிப் பயிற்சியைச் சடங்காக இல்லாமல் பயனுள்ளதாக மாற்றுவது எப்படி என்பதையே இங்கே எழுதுகிறேன்.

கப்பலில் இருந்ததும் சரக்குதான்

தீத்தொண்டு வாரம் ஏன் ஏப்ரல் 14இல் தொடங்குகிறது என்பதை நம்மில் பலர் கேட்டதில்லை. 1944ஆம் ஆண்டு அந்த நாளில் பம்பாய் விக்டோரியா துறையில் ஃபோர்ட் ஸ்டிக்கின் என்ற கப்பல் நின்றுகொண்டிருந்தது. போர்க்காலம். கப்பலில் சுமார் 1,400 டன் வெடிபொருள் இருந்தது. அதே கப்பலில் பஞ்சுப் பொதிகளும் எண்ணெயும் ஏற்றப்பட்டிருந்தன. பிற்பகல் 2 மணியளவில் புகை தெரிந்தது. தீயணைப்பு வீரர்கள் வந்து நீர் பாய்ச்சினார்கள். தீ அடங்கவில்லை. மாலை 4 மணி கடந்து சில நிமிடங்களில் கப்பல் வெடித்தது. அரை மணிக்குள் இரண்டாம் வெடிப்பு. நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். தீயணைக்கப் போன வீரர்களில் மட்டும் 66 பேர் உயிர் துறந்தனர். அவர்கள் நினைவாகத்தான் அந்த வாரம்.

இதில் வணிகர்கள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. பஞ்சு தனியாக இருந்தால் சரக்கு. வெடிபொருள் தனியாக, தகுந்த காவலோடு இருந்தால் அதுவும் சரக்கு. இரண்டும் ஒரே இடத்தில் இருந்ததுதான் ஆபத்து.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். 2021 அக்டோபர் 26 அன்று, தீபாவளிக்கு ஒன்பது நாள் முன்பு, நமக்கு அடுத்த கள்ளக்குறிச்சி மாவட்டம் சங்கராபுரத்தில் பட்டாசு வைத்திருந்த கடையில் தீப்பிடித்து உயிர்கள் போயின. பக்கத்துக் கடைகளும் சேதமடைந்தன. கடைத்தெருவில் ஒருவர் கடையின் ஆபத்து அவரோடு நிற்பதில்லை என்பதை அந்த மாலை நமக்குக் காட்டியது. ஆகவே பாதுகாப்பு என்பது தொழிற்சாலைக்காரர்கள் பார்த்துக்கொள்ள வேண்டிய விஷயம், நாம் வெறும் வாங்கி விற்கிறவர்கள் என்று ஒதுங்க முடியாது.

தெரிந்தவருக்குத்தான் இந்தப் பயிற்சி

புதிதாக வேலைக்கு வருபவனுக்குக் கற்றுக்கொடுப்பது ஒன்று. புத்தொளிப் பயிற்சி என்பது வேறு. இதில் எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் இருபது, முப்பது வருடம் மூட்டை தூக்கியவர்கள். அவர்களுக்குத் தெரியாத எதையும் நாம் புதிதாகச் சொல்லப்போவதில்லை. "இதெல்லாம் தெரியாதா எங்களுக்கு?" என்ற எண்ணத்தோடுதான் வந்து உட்காருகிறார்கள். அந்த எண்ணத்திலும் நியாயம் இருக்கிறது.

ஆனால் தெரிந்திருப்பது வேறு, வேண்டிய நேரத்தில் கை அதைச் செய்வது வேறு. ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானிய அறிஞர் 1885ஆம் ஆண்டிலேயே மறதியை அளந்து பார்த்து எழுதினார். மனப்பாடம் செய்ததில் பெரும்பகுதி முதல் ஓரிரு நாளிலேயே போய்விடுகிறது. இடைவெளி விட்டு இடைவெளி விட்டுத் திரும்பப் படித்தால் தங்குகிறது என்பது அவர் கண்டது. ஆண்டுக்கொரு முறை முக்கால் மணி நேரம் பேசுவதைவிட, வாரத்துக்குப் பத்து நிமிடம் பேசுவது ஏன் மேல் என்பதற்கு இதுவே விடை.

இன்னொரு ஆய்வும் சொல்லத் தக்கது. 1971 முதல் 2003 வரை பாதுகாப்புப் பயிற்சி பற்றி வெளிவந்த 95 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து, சுமார் 21,000 தொழிலாளர்களைப் பற்றிய விவரங்களை அலசி, 2006ஆம் ஆண்டு அமெரிக்கப் பொதுச் சுகாதார இதழ் ஒன்றில் வெளியிட்டார்கள். கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கும் பயிற்சியைவிட, செய்து பார்த்து, தவறைத் திருத்தி, ஒருவரோடொருவர் பேசிக் கற்கும் பயிற்சியில் அறிவும் கூடுகிறது, விபத்தும் குறைகிறது என்பது அதன் முடிவு. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நம் பாட்டிமார் சொன்னதைத்தான் அவர்களும் கணக்குப் போட்டுச் சொல்லியிருக்கிறார்கள்.

மேலச்சேரி சொல்லும் பாடம்

தெரிந்த கதையையே மறுபடியும் கேட்பவர்களை எப்படி உட்கார வைப்பது? இதற்கு விடை தேடி நாம் வெளிநாடு போக வேண்டியதில்லை. செஞ்சிக்கு அருகே மேலச்சேரியில் இருக்கிறது திரௌபதி அம்மன் கோயில். நம் வட்டாரத்தில் திரௌபதி அம்மன் வழிபாட்டுக்கே அதுதான் தாய்க்கோயில் என்பார்கள். திருவிழா வந்தால் ஊர் ஊராகப் பாரதம் படிக்கிறார்கள், தெருக்கூத்து நடக்கிறது. துரியோதனன் முடிவு என்ன என்று தெரியாதவர் அந்தக் கூட்டத்தில் ஒருவர்கூட இல்லை. இருந்தும் விடிய விடியப் பாய் விரித்து உட்கார்ந்திருக்கிறார்கள்.

காரணத்தை யோசித்துப் பார்த்தால் மூன்று தெரிகிறது. முதலாவது, கட்டியங்காரன். அவன் ராஜாவையே கேள்வி கேட்கிறான், நடுவே உள்ளூர் சங்கதியைக் கொண்டுவந்து போடுகிறான், தூங்குகிறவனை எழுப்புகிறான். இரண்டாவது, கதை நம் தெருவிலேயே நடக்கிறது. படுகளத்து மண் உருவம் நம் ஊர் மண்ணால் ஆனது. மூன்றாவது, பார்ப்பவரும் பங்கெடுக்கிறார். காப்புக் கட்டுகிறவரும் தீமிதிக்கிறவரும் நம் வீட்டு ஆட்களே.

நமது பயிற்சிக் கூட்டத்தில் இந்த மூன்றும் இல்லை. கேள்வி கேட்பவர் இல்லை. சொல்லும் உதாரணம் எங்கோ உள்ள ஆலையைப் பற்றியது. வந்தவர்கள் வாய் திறப்பதில்லை. இந்த மூன்றையும் சேர்த்துவிட்டால் பழைய பாடமே புதிதாகிவிடும். எப்படிச் சேர்ப்பது என்பதை இனி ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கிடங்கைச் சுற்றி ஒரு நடை

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு சிறு தொழில் நடத்துபவர்களுக்கென்றே ஒரு பயிற்சி முறையை வகுத்தது. பிலிப்பைன்ஸ் முதலிய ஆசிய நாடுகளில் அது பரவியது. அதில் முதல் நாள் முதல் வேலை சொற்பொழிவு அன்று. எல்லோரும் ஒரு தாளை எடுத்துக்கொண்டு வேலையிடத்தைச் சுற்றி நடக்க வேண்டும். தாளில் கேள்விகள் இருக்கும். சரி, தப்பு என்று குறிக்கும் இடம் அதில் இல்லை. "இதில் மாற்றம் வேண்டுமா?" என்று கேட்டு, வேண்டாம், வேண்டும், முதலில் வேண்டும் என்று மூன்று கட்டங்கள் இருக்கும். இதனால் யாரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாமல் வேலை நடக்கிறது. நடந்து முடித்தபின் நாலைந்து பேராக உட்கார்ந்து பேசி, கைக்காசு அதிகம் செலவழியாமல் செய்யக்கூடிய மூன்று காரியங்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

நமது மண்டிக்கும் கடைக்கும் பொருந்துமாறு சில கேள்விகளைக் கீழே தருகிறேன். இதைப் பிரதி எடுத்துப் பயன்படுத்தலாம்.

1. நடைவழியில் காலிச் சாக்கு, கயிறு, அட்டைப் பெட்டி கிடக்காமல் இரண்டு பேர் எதிரெதிரே சுமையோடு போக இடம் இருக்கிறதா?

2. மூட்டை அட்டி மரச்சட்டத்தின் மேல், சுவரிலிருந்து விலகி, வரிசைக்கு வரிசை குறுக்கு மாற்றி அடுக்கப்பட்டிருக்கிறதா?

3. லாரிக்கும் கிடங்குக்கும் இடையே போடும் பலகை போதிய அகலமா? நழுவாமல் பிடிப்பு உண்டா?

4. மேல்தட்டுச் சரக்கை எடுக்க உறுதியான ஏணி இருக்கிறதா, அல்லது முக்காலி மேல் டின்னை வைத்து ஏறுகிறார்களா?

5. மெயின் சுவிட்ச் முன்னால் சரக்கு இல்லாமல் கை எட்டுகிறதா?

6. தீயணைப்பான் கண்ணில் படும் இடத்தில் மாட்டப்பட்டிருக்கிறதா? அழுத்தம் காட்டும் முள் பச்சைப் பகுதியில் நிற்கிறதா?

7. பின்வாசல் திறக்கிறதா? சாவி யாரிடம்? அவர் விடுமுறை என்றால் யாரிடம்?

8. எண்ணெய், பெயின்ட், தின்னர், தீப்பெட்டி, சமையல் காஸ் ஆகியவை ஒன்றோடொன்று சேராமல் இருக்கின்றனவா?

9. குடிநீர், முதலுதவிப் பெட்டி, உட்கார இடம் உண்டா? (கடைப் பணியாளர்கள் உட்கார இருக்கை தரவேண்டும் என்று 2021இல் தமிழ்நாட்டில் சட்டத் திருத்தமே வந்துவிட்டது.)

இதை முதலாளி மட்டும் நிரப்பினால் பயனில்லை. கணக்குப்பிள்ளை, கடைப் பையன், மூட்டை தூக்குபவர், பெருக்குகிற அம்மா என்று எல்லோரும் நடக்க வேண்டும். எழுதத் தெரியாதவர் வாயால் சொல்ல, தெரிந்தவர் குறிக்கலாம். பெருக்குகிற அம்மாவுக்குத் தெரிகிற வழுக்கல் தரை கல்லாவில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாது.

மேஸ்திரியே ஆசிரியர்

நெல், மணிலா, உளுந்து என்று எந்தச் சரக்கானாலும் கிடங்கில் பெரிய ஆபத்து அட்டி சரிவது. அடி மூட்டையை எலி கடித்து உள்ளே குழிவு விழுந்திருக்கும். அல்லது அவசரத்துக்கு ஒரே பக்கமாக மூட்டைகளை உருவியிருப்பார்கள். மறுபக்கம் சுவர்போல் தனியே நிற்கும். அது விழுந்தால் கீழே நிற்பவர் தப்புவது கடினம்.

இதைப் பற்றி வெளியூரிலிருந்து வந்து ஒருவர் பேசுவதைவிட, நமது கிடங்கு மேஸ்திரியே பேசினால் எடுபடும். "முதலாளி, மூணாவது வரிசை பிதுங்கி நிக்குது பாருங்க. கீழ் மூட்டையிலிருந்து தானியம் ஒழுக ஆரம்பிச்சா கிட்டே நிக்கக்கூடாது" என்று அவர் அட்டிக்கு முன்னால் நின்று கை நீட்டிச் சொல்லும்போது இளையவர்கள் கண் கொட்டாமல் பார்க்கிறார்கள். மேஸ்திரிக்கும் ஒரு மரியாதை. கேள்வி கேட்கும் கட்டியங்காரன் வேலையை முதலாளியோ கணக்குப்பிள்ளையோ எடுத்துக்கொள்ளலாம். "ஏன் அண்ணே கிட்டே நிக்கக்கூடாது? எந்தப் பக்கம் ஓடணும்?" என்று தெரியாதவர்போல் கேட்டால் போதும், பேச்சு தானாக வளரும்.

எடையைப் பற்றியும் இந்த இடத்தில் பேச வேண்டும். ஒரு காலத்தில் 100 கிலோ மூட்டையை ஒரே ஆள் முதுகில் ஏற்றினார்கள். 75 கிலோ மூட்டை இன்றும் புழக்கத்தில் உண்டு. 1967ஆம் ஆண்டிலேயே சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு, வளர்ந்த ஆண் ஒருவர் சுமக்கும் எடை 55 கிலோவுக்கு மேல் இருந்தால் விரைவில் அந்த அளவுக்குக் குறைக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. இன்று அரிசியும் உரமும் சிமென்டும் 50 கிலோ பைகளில் வருவது நல்ல மாற்றம். நாம் கட்டும் மூட்டைகளையும் அந்த அளவுக்குக் கொண்டுவரலாம். குனிந்து தூக்காமல் முழங்கால் மடக்கித் தூக்கு என்று ஆயிரம் முறை சொல்வதைவிட, மூட்டையின் எடையைக் குறைப்பதும், தள்ளுவண்டி ஒன்று வாங்கிப் போடுவதும் முதுகுக்கு அதிக நன்மை செய்யும். பயிற்சியில் பேசி முடிவெடுத்ததை முதலாளி நிறைவேற்றிக் காட்டினால்தான் அடுத்த முறை ஆட்கள் வாய் திறப்பார்கள்.

கையால் செய்து பார்க்க வேண்டியவை

தீயணைப்பானைப் பல கடைகளில் வாங்கி மாட்டியிருக்கிறோம். அதைக் கையில் எடுத்து இயக்கிப் பார்த்தவர் எத்தனை பேர்? பின்னை இழு, குழாயைத் தீயின் அடிப்பகுதிக்குக் குறி, பிடியை அழுத்து, இடமும் வலமுமாக வீசு. இந்த நான்கும் வாயால் சொன்னால் எளிது. பதற்றத்தில் பின்னை எடுக்காமலே பிடியை அழுத்துவார்கள். மேலும் சிறிய கருவிக்குள் இருக்கும் தூள் சில விநாடிகளில் தீர்ந்துவிடும். பழகிப் பார்க்க அவகாசம் அப்போது கிடைக்காது.

இதற்குத் தனிச் செலவு வேண்டியதில்லை. மறுநிரப்பலுக்குப் போக வேண்டிய கருவிகளைச் சங்கத்தில் ஒன்று சேர்த்து, தீயணைப்பு நிலையத்தாரை அழைத்துத் திறந்த வெளியில் அவர்கள் மேற்பார்வையில் ஆளுக்கொரு முறை இயக்கச் சொல்லலாம். எப்படியும் காலி செய்ய வேண்டிய கருவிதானே! மின்சாரத் தீயிலும் எண்ணெய்த் தீயிலும் தண்ணீர் ஊற்றக்கூடாது என்பதையும் அங்கேயே அவர்கள் செய்து காட்டுவார்கள்.

இன்னும் இரண்டு பழக்கங்களை விளையாட்டுப்போலச் செய்யலாம். ஒன்று, வழி கண்டுபிடிப்பது. கடை மூடிய பின், ஒருவர் கூடவே வர, மற்றவர் கண்ணைத் துண்டால் கட்டிக்கொண்டு சுவரைத் தடவிப் பின்வாசலுக்குப் போக வேண்டும். புகை சூழ்ந்தால் கண் தெரியாது என்பதும், தரையோடு குனிந்து போனால் மூச்சு விடலாம் என்பதும் அப்போது புரியும். வழியில் இடறும் அட்டைப் பெட்டியை மறுநாள் யாரும் சொல்லாமலே எடுத்து வைப்பார்கள்.

இரண்டாவது, தொலைபேசியில் சொல்வது. தீயணைப்புக்கு 101, ஆம்புலன்ஸுக்கு 108 என்பது எல்லோருக்கும் மனப்பாடம். ஆனால் "எங்கே?" என்று அவர்கள் கேட்டால் என்ன சொல்வது? ஊர், சாலை, அடையாளம், என்ன நடந்தது, எத்தனை பேருக்கு அடி, இவற்றை அரை நிமிடத்தில் தெளிவாகச் சொல்லப் பழக வேண்டும். ஒருவர் பையனாகவும் ஒருவர் அலுவலராகவும் இருந்து நடித்துப் பார்க்கலாம். சிரிப்பும் வரும், பழக்கமும் வரும். வெளியூரிலிருந்து வேலைக்கு வந்தவர்களுக்கு நம் தெருப் பெயரே தெரியாமல் இருப்பதும் அப்போதுதான் வெளிப்படும்.

சுட்டிக் காட்டு, வாய்விட்டுச் சொல்

விழுப்புரம் சந்திப்பு வழியாகப் போகும் ரயிலின் எஞ்சினில் ஓட்டுநரும் உதவி ஓட்டுநரும் சிக்னலைப் பார்த்ததும் அதன் நிறத்தை ஒருவருக்கொருவர் வாய்விட்டுச் சொல்கிறார்கள். இருவருக்கும் கண் இருக்கிறது; இருந்தும் சொல்ல வேண்டும் என்பது விதி. ஜப்பான் ரயில்வேயில் இன்னும் ஒரு படி மேலே போய், விரலால் சுட்டிக்காட்டி உரக்கச் சொல்கிறார்கள். அங்குள்ள ரயில்வே ஆராய்ச்சி நிறுவனம் 1994இல் சோதித்தபோது, சும்மா பார்த்துச் செய்கையில் 100க்கு 2.38 ஆக இருந்த பிழை, சுட்டிச் சொல்லிச் செய்கையில் 0.38 ஆகக் குறைந்தது. ஆறில் ஒரு பங்கு!

இதைக் கிடங்கில் மூன்று இடத்தில் கொண்டுவரலாம். லாரி பின்னால் வரும்போது, ஒருவர் ஓட்டுநர் கண்ணில் படுமாறு பக்கவாட்டில் நின்று "பின்னாடி ஆள் இல்லை, வரலாம்" என்று கை காட்டிச் சொல்வது. அட்டி மேல் ஏறுமுன் "அடி வரிசை நேரா இருக்கு" என்று சுட்டிச் சொல்வது. இரவு கடை பூட்டுமுன் "விளக்கு அணைச்சாச்சு, காஸ் மூடியாச்சு, மெயின் இறக்கியாச்சு" என்று ஒவ்வொன்றையும் தொட்டுச் சொல்வது. குளிர்பதனப் பெட்டி உள்ள கடைகள் அதற்கு மட்டும் தனி இணைப்பு வைத்துக்கொள்ளலாம். முதல் இரண்டு நாள் கூச்சமாக இருக்கும். பிறகு பழகிவிடும். இதற்குக் காலணா செலவில்லை.

இதில் மட்டும் விளையாட்டு வேண்டாம்

தானிய வியாபாரிகள் தனியாகக் கவனிக்க வேண்டியது வண்டுக்கு வைக்கும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை. 3 கிராம் மாத்திரை ஒன்று காற்றின் ஈரத்தைப் பட்டு 1 கிராம் பாஸ்பைன் வாயுவை விடுகிறது. அதன் நஞ்சுக்கு முறிவு மருந்து கிடையாது. பூண்டு வாடை வந்தால் தெரிந்துகொள்ளலாம் என்று நினைப்பது ஆபத்து. வாடை தெரியாமலும் வாயு இருக்கக்கூடும். மாத்திரை மேல் தண்ணீர் பட்டால் தீப்பிடிக்கவும் செய்யும். இதனால்தான் அரசு இதன் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தி, அங்கீகாரம் பெற்ற நிபுணர் மேற்பார்வையில், பூச்சி கட்டுப்பாட்டு உரிமம் உள்ளவர்களே கையாள வேண்டும் என்று வைத்திருக்கிறது. 2024 நவம்பரில் குன்றத்தூர் அருகே எலி மருந்து வைக்கப்பட்ட வீட்டில் உறங்கிய இரண்டு குழந்தைகள் உயிரிழந்த செய்தியைப் படித்திருப்பீர்கள். மூடிய அறையும் நஞ்சும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

நமது ஆட்களுக்கு இதில் தரவேண்டிய பயிற்சி மாத்திரை வைப்பது எப்படி என்பதன்று. வைக்காமல் இருப்பது, மூடிய கிடங்கின் எச்சரிக்கைப் பலகையை மதிப்பது, உரிமம் பெற்றவர் திறந்து காற்றோட்டம் விட்டு அனுமதிக்கும் வரை உள்ளே போகாமலிருப்பது. தலைவலி, குமட்டல், மூச்சுத் திணறல் என்று யாராவது சொன்னால் உடனே வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்து, மருத்துவமனையில் மருந்தின் பெயரைச் சொல்ல வேண்டும். உள்ளே மயங்கிக் கிடப்பவரைத் தூக்க யோசிக்காமல் ஓடுபவர் இரண்டாவதாக விழுவார். கிடங்கை ஒட்டிக் குடியிருப்பவர்களுக்கும் முன்கூட்டியே சொல்லியாக வேண்டும். குறைந்தது ஆறு மாதத்துக்கு ஒரு முறை இதை வரிவிடாமல் திரும்பச் சொல்லிக் கேட்க வேண்டும்.

தப்பிய கணக்கு

வரவு, செலவு, பற்று என்று எல்லாவற்றுக்கும் ஏடு வைத்திருக்கிறோம். இன்னொரு சிறு ஏடு வைக்கலாம். அதற்குத் தப்பிய கணக்கு என்று பெயரிடுங்கள். பலகை நழுவியது, ஆள் குதித்துத் தப்பினார். ஒயர் சூடாகி வாடை வந்தது, அணைத்துவிட்டோம். அட்டியிலிருந்து ஒரு மூட்டை விழுந்தது, கீழே யாருமில்லை. இவற்றை நாம் "நல்ல வேளை" என்று சொல்லி மறந்துவிடுகிறோம். இதே பலகை நாளை நழுவும்போது நல்ல வேளை வராமலும் போகலாம்.

இந்த ஏட்டில் எழுதுவதற்கு யாரையும் திட்டக்கூடாது, கூலி பிடிக்கக்கூடாது. திட்டினால் மறுநாளிலிருந்து ஏடு வெறுமையாகிவிடும். வாரம் ஒரு முறை அந்த ஏட்டைத் திறந்து ஒரு நிகழ்ச்சியை எடுத்துப் பேசினால் அதுவே அந்த வாரப் பாடம். நம் கிடங்கில் நம் ஆளுக்கு நடந்தது என்பதால் ஒருவரும் தூங்க மாட்டார்கள். ஆயுத பூசையன்று அந்த ஆண்டின் ஏட்டை முழுதும் படித்துக் காட்டி, அதிகம் சொன்னவருக்கு ஒரு வேட்டி, துண்டு கொடுக்கலாம்.

மூட்டைக் கூலியும் பத்து நிமிடமும்

இவ்வளவையும் செய்தாலும் ஒன்றைக் கவனிக்காவிட்டால் பயிற்சி எடுபடாது. மூட்டை தூக்குபவர்களில் பெரும்பாலோர்க்கு மூட்டைக்கு இவ்வளவு என்று கூலி. அவர்கள் நின்று கேட்கும் பத்து நிமிடம் அவர்கள் வருமானத்தில் கழிகிறது. நாம் நல்லது சொல்லும்போதும் அவர்கள் கண் லாரியின் மேல் இருப்பதற்கு இதுவே காரணம். ஆகவே அந்தப் பத்து நிமிடத்தில் எத்தனை மூட்டை ஏறியிருக்குமோ அத்தனைக்கும் கூலியைக் கணக்கில் சேர்த்துவிடுங்கள். சிறு தொகைதான். ஆனால் முதலாளி இதை வேலையாகவே மதிக்கிறார் என்பது அவர்களுக்கு விளங்கும்.

நேரத்தையும் யோசித்து வைக்க வேண்டும். நாலு லோடு இறக்கிக் களைத்தபின் கூட்டி உட்கார வைத்தால் எதுவும் ஏறாது. காலையில் முதல் லாரி திறக்குமுன் வைத்தால் கேட்டதை அப்போதே செய்து பார்க்கலாம். ஒரு நாளைக்கு ஒரே பொருள். இரண்டாவதைத் தொடக் கூடாது.

சங்கம் என்ன செய்யலாம்

தனிக் கடைக்காரரால் முடியாததைச் சங்கம் செய்யலாம். பருவத்தை ஒட்டி ஒரு நாட்காட்டி போட்டால் பயிற்சி வேலையோடு இசைந்து போகும். சம்பா அறுவடைச் சரக்கு வரும் தை, மாசியில் தூக்குவதும் அடுக்குவதும். ஏப்ரலில் தீத்தொண்டு வாரத்தையொட்டித் தீயணைப்பான் பழக்கம். வெயில் கடுமையான சித்திரை, வைகாசியில் நீர் அருந்துவதும் மயக்கத்துக்கு முதலுதவியும். தீபாவளிக்கு ஒரு மாதம் முன்பு கடைத்தெரு முழுதும் சரக்குகளைப் பிரித்து வைப்பது பற்றிய நடை. ஐப்பசி, கார்த்திகை மழையில் மின்சாரமும் வழுக்கலும்.

இரண்டு கடைகள் சேர்ந்து, இவர் கிடங்கை அவர் ஆட்களும் அவர் கிடங்கை இவர் ஆட்களும் பார்க்கலாம். நாள்தோறும் பார்த்துப் பழகிய கண்ணுக்குத் தெரியாதது அடுத்தவர் கண்ணுக்குத் தெரியும். தொழில் ரகசியம் போய்விடும் என்று அஞ்ச வேண்டாம்; அட்டியையும் ஒயரையும்தானே பார்க்கிறார்கள். பயிற்சி தருபவர்களுக்கே பயிற்சி வேண்டுமானால் சென்னை தரமணியில் மத்திய அரசின் மண்டலத் தொழிலாளர் கல்வி, பாதுகாப்பு நிறுவனம் இருக்கிறது. சங்கத்தின் சார்பில் அவர்களை அணுகலாம்.

பணியில் அடிபட்டவருக்கு முதலாளி இழப்பீடு தர வேண்டும் என்ற சட்டம் நம் நாட்டில் 1923ஆம் ஆண்டே வந்துவிட்டது. ஆனால் எந்த இழப்பீட்டாலும் முறிந்த முதுகு நிமிராது. நமது கிடங்கில் மூட்டை தூக்குபவர் பெரும்பாலும் அவர் வீட்டில் ஒரே சம்பாத்தியக்காரர். அவர் படுத்துவிட்டால் பிள்ளைகள் படிப்பு நிற்கிறது, வாங்கிய கடன் ஏறுகிறது. அவரை நம்பி நடந்த நமது வியாபாரமும் தள்ளாடுகிறது.

உறுப்பினர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். வரும் திங்கட்கிழமை காலை, முதல் லாரி திறக்குமுன், மேலே உள்ள ஒன்பது கேள்விகளோடு உங்கள் ஆட்களை அழைத்துக்கொண்டு கிடங்கைச் சுற்றி ஒரு முறை நடந்து வாருங்கள். எது முதலில் வேண்டும் என்று அவர்களைக் கேளுங்கள். அவர்கள் சொல்லும் ஒன்றை அந்த வாரத்துக்குள் செய்து கொடுங்கள். அடுத்த திங்கட்கிழமை அவர்களே உங்களுக்கு முன்னால் வந்து நிற்பார்கள்.